இடிக்கலாமா... இருக்க விடலாமா? பழைய சர்ச் மண்டபத்தை ஊருக்கே பயன்படுற மாதிரி மாத்தலாம் வாங்க!

நெல்லை:

மழை பெய்தா ஒழுகுது. காற்று அடிச்சா ஓடு பறக்குது. சுவரைத் தொட்டா காரை கையோட வருது. வருஷத்துக்கு ஒரு நாள் அசனத்துக்கு மட்டும் திறக்கிறாங்க. மிச்ச நாள் எல்லாம் பூட்டு. உள்ளே உடைந்த பெஞ்சு, பழைய மேளம், வவ்வால்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த சேகரத்துக்குப் போனாலும் இப்படி ஒரு மண்டபம் கண்ணில் படும். சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தாத்தா காலத்தில் கட்டியது. "இடிச்சுட்டு புதுசா கட்டுவோம்" என்று இளவட்டங்கள் ஒரு பக்கம். "எங்க அப்பா மண் சுமந்து கட்டின இடம், கை வைக்காதீங்க" என்று பெரியவங்க ஒரு பக்கம். கமிட்டி கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் இதே சண்டை. கடைசியில் எதுவும் நடக்காமல் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும்.

இடிப்பதா, பழுது பார்ப்பதா? பணம் எங்கிருந்து வரும்? யார் கையெழுத்து வேணும்? இதோ முழு விவரம்.

சும்மா வந்த மண்டபம் இல்லை!

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு சர்ச் கட்டடம்னா லேசான விஷயம் இல்லை. 1799-ல் உருவான முதலூர்தான் இந்தப் பகுதியின் முதல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடியிருப்பு. பெயரே அதைத்தான் சொல்லுது. மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டில் எங்கே நின்று பார்த்தாலும் தெரியும். இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் அடிக்கல் போட்ட சர்ச் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம்!

சர்ச் கட்டிய கையோடு பள்ளிக்கூடம், கிணறு, மண்டபம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அசனப் பண்டிகை அன்று ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இடம் வேணுமே! அதற்காக எழுந்த மண்டபங்கள்தான் பல. அதில்தான் ஞாயிறு பள்ளி, அதில்தான் கல்யாண விருந்து, அதில்தான் துக்கத்துக்கு வந்தவங்க ராத்திரி படுக்கை.

பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்க. திருமண்டலத்துக்குச் சொந்தமான இடம்தான். ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொது மண்டபமும் அதுதான். அந்த அளவுக்கு வேண்டாம். கிராமத்து மண்டபம் கிராமத்துக்குப் பயன்பட்டால் போதும்.

அந்த 2 நாள் மறக்குமா?

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்தை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஒரு வருஷத்து மழை ஒரே நாளில் கொட்டிய கதை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயிலே நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். ஏரல் பக்கம் பல கிராமங்கள் தீவு ஆனது.

அந்த நேரத்தில் மேட்டில் இருந்த பெரிய கட்டடம் எதுவோ அதுதான் ஜனங்களுக்கு வீடு. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கோவில், சர்ச், பள்ளிவாசல் என்று யாரும் பேதம் பார்க்கவில்லை. மழையில் ஒழுகாத மண்டபம் ஒன்று ஊரில் இருந்தால் அது எத்தனை பேரை காப்பாற்றும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2021 டிசம்பர் 17-ல் நெல்லை டவுனில் ஒரு பள்ளியில் கழிவறை சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் பலியானார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, மோசமானதை எல்லாம் இடித்தார்கள். எனவே பழைய கட்டடத்தை அப்படியே திறந்துவிட்டு "வாங்க, உட்காருங்க" என்று சொல்வதும் தப்பு. பூட்டி வைத்திருப்பதை விட அதுதான் பெரிய ஆபத்து.

முதல் கேள்வி: மண்டபம் யாருக்கு சொந்தம்?

சபை மக்கள் காசு போட்டுத்தான் கட்டியிருப்பாங்க. ஆனால் பத்திரம் யார் பெயரில் இருக்கு என்று பார்க்கணும். தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது. அதன் சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். கத்தோலிக்க சபை என்றால் மறைமாவட்டம் பெயரில் இருக்கும். தனி சபைகளுக்கு தனி டிரஸ்ட் இருக்கலாம்.

ஆகவே சேகர குருவும் கமிட்டியும் முடிவெடுத்தால் மட்டும் போதாது. திருமண்டல அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி முதலில் வேணும். வேலை பாதி நடக்கும்போது யாராவது கோர்ட்டுக்குப் போனால் கூரை இல்லாத மண்டபம்தான் மிஞ்சும். பத்திரம், பட்டா, கட்டட வரி ரசீது, கரண்ட் பில் நாலையும் ஒரே பைலில் போட்டு வைத்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிடணும்.

இடிக்கணுமா, வேண்டாமா? எப்படி கண்டுபிடிப்பது?

இதை கமிட்டி ஓட்டு போட்டு முடிவு பண்ண முடியாது. கட்டடப் பொறியாளர்தான் சொல்லணும். அவர் வருவதற்கு முன்னால் நாமே சில விஷயங்களைப் பார்த்து வைக்கலாம்.

* விரிசல்: சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு சின்ன கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்க. சில மாதம் கழித்துப் பாருங்க. கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டு இருக்கு, அஸ்திவாரத்தில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம். உடையவில்லை என்றால் பழைய விரிசல், பூசி மூடலாம்.

* மரம்: உத்திரமும் கைமரமும் சுவருக்குள் நுழைகிற முனையில்தான் கரையான் முதலில் பிடிக்கும். ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்க. தேக்கு, வைரம் பாய்ந்த பனை என்றால் சத்தம் கணீர்னு வரும். உள்ளே பொசுக்குனு இறங்கினால் அந்த மரம் போச்சு.

* கம்பி கான்கிரீட்: பின்னால் சேர்த்த சிட்அவுட், சன்ஷேடு இவற்றில் கீழ்ப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அதற்குக் கீழே யாரையும் நிற்க விடாதீங்க.

பல இடங்களில் வேடிக்கை என்னன்னா, பழைய சுவர் நல்லா இருக்கும். பின்னால் ஒட்டுப் போட்ட பகுதிதான் ஆட்டம் காணும். அப்படி இருந்தால் ஒட்டை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் அஸ்திவாரம் இறங்கி, சுவர் சாய்ந்து, பொறியாளரும் "ஆகாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் பாசம் பார்க்கக்கூடாது. இடிக்கத்தான் வேணும்.

சிமென்ட்தான் வில்லன்!

பழுது பார்க்கிறோம் என்று சொல்லி நம்ம ஆட்கள் முதலில் செய்வது சிமென்ட் பூச்சு. அதுதான் பெரிய தப்பு.

பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுண்ணாம்பு மூச்சு விடும். தரையில் இருந்து ஏறுகிற ஈரம் சுவர் வழியாக வெளியே போய் காய்ந்துவிடும். அதன் மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடற்கரை ஓர ஊர் என்றால் ஈரத்தோடு உப்பும் ஏறும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் சிமென்ட் பூச்சு பொங்கி, பழைய காரையையும் பிய்த்துக்கொண்டு விழும். "அந்தக் காலத்து சுவர் சரியில்லை" என்று பழி மட்டும் தாத்தா மேல்!

சரியான வழி, பழைய மாதிரியே சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பைத் தண்ணியில் நீர்த்து, நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காய், கருப்பட்டி ஊறின தண்ணியை விட்டுக் குழைப்பது நம்ம ஊர் பழக்கம். கருப்பட்டிக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன! இந்த வேலை தெரிந்த கொத்தனார் அண்ணாச்சிமார் குறைவு. பழைய வீடு, கோவில் திருப்பணி செய்தவர்களைத் தேடிப் பிடிக்கணும். கூலி கொஞ்சம் கூட ஆகும். வேலையும் மெதுவாத்தான் போகும். ஆனால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டாம்.

கூரையில் கவனம்

கட்டடத்தைக் கெடுப்பது தண்ணிதான். அதனால் வேலையை மேலே இருந்துதான் ஆரம்பிக்கணும். சுவருக்கு பெயிண்ட் அடித்துவிட்டு கூரையைப் பிரித்தால் பெயிண்ட் காசு தண்டம்.

சீமை ஓடு போட்ட கூரையை அவசரப்பட்டு தூக்கி எறியாதீங்க. இந்த ஓட்டுக்கும் சர்ச்சுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆரம்பித்த தொழிற்சாலைதான் இந்த ஓட்டை நாடு முழுக்க பிரபலமாக்கியது. நல்ல ஓட்டைக் கழுவி, உடைந்ததை மட்டும் மாற்றி, கரையான் பிடித்த ரீப்பரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் இன்னும் பல வருஷம் தாங்கும். மழைத் தண்ணி சுவர் ஓரம் விழாமல் தகர வாய்க்கால் வைத்து குழாய் வழியாகத் தொட்டிக்கு விடணும். அந்தத் தண்ணியே பாத்திரம் கழுவ ஆகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மண்டபமா? உஷார்! அதை சம்மட்டியால் அடித்து உடைக்கக்கூடாது. அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லியிருக்கு. தண்ணி தெளித்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கணும். ஞாயிறு பள்ளி பிள்ளைகளை விட்டு சிரமதானம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

எல்லா கூரை வேலையையும் தை மாதம் பொங்கல் கழித்து ஆரம்பித்து புரட்டாசிக்குள் முடித்துவிடணும். ஐப்பசி பிறந்தால் அடைமழை.

2 வாசல் இல்லைன்னா கூட்டம் வேண்டாம்

2004 ஜனவரி 23-ஐ மறக்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் பலி. அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். 2 இடத்திலும் கீற்று எரிந்தது, வெளியே ஓட வழி போதவில்லை.

பழைய சர்ச் மண்டபத்துக்கு பெரும்பாலும் ஒரு பெரிய வாசல்தான். இன்னொரு வாசல் வைத்தே ஆகணும். 2 வாசலும் எதிரெதிர் பக்கம் இருக்கணும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். கூட்டம் நடக்கும்போது எந்தக் கதவுக்கும் பூட்டு கூடாது. அசன அடுப்பு மண்டபத்துக்கு வெளியே, தனிக் கொட்டகையில் இருக்கட்டும். கீற்றுப் பந்தலை மண்டபச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீங்க. மரப்பட்டையில் ஓடுகிற பழைய வயர் மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதுசா இழுக்கணும். கசிவு ஏற்பட்டால் தானாகவே கரண்டை நிறுத்துகிற பிரேக்கர் கண்டிப்பாக வேணும். எர்த் சரியாக இருக்கணும். ஒரு சீரியல் செட், ஒரு மைக் செட், ரெண்டு கிரைண்டர் எல்லாம் ஒரே லைனில் மாட்டுகிற பழக்கத்தை நிறுத்தணும்.

பாட்டி ஏற முடியலைன்னா அது பொது மண்டபமா?

பழைய மண்டபம் என்றால் நாலு படி உயரம். கைப்பிடி கிடையாது. வயசானவங்க, சக்கர நாற்காலியில் வர்றவங்க வாசலோடு திரும்பணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தாச்சு. சாய்தளம் அமைப்பது தர்மம் இல்லை, கடமை. கணக்கு சுலபம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 2 அடி உயர மண்டபம் என்றால் 24 அடி சாய்தளம். நேராக இடம் இல்லை என்றால் நடுவில் திருப்பிக் கொண்டு வரலாம். இரு சக்கர வண்டி ஏற்றுகிற மாதிரி செங்குத்தாகப் போட்டு கணக்கு காட்டக்கூடாது.

அடுத்து கழிவறை. ஊர் மண்டபத்தில் பெண்களுக்கு தனிக் கழிவறை, உள்ளே தண்ணி, தாழ்ப்பாள், லைட் இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் அங்கே தங்க மாட்டாங்க. வெள்ள நேரத்தில் இதன் அருமை தெரியும். பட்ஜெட்டில் டைல்ஸைக் குறைத்தாவது கழிவறையைக் கட்டிவிடுங்க.

பணத்துக்கு எங்கே போவது?

* அரசு மானியம்: சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்க தமிழக அரசு 2016-17 முதல் நிதி தருகிறது. முதலில் சில லட்சம்தான். பின்னர் உயர்த்தினார்கள். கட்டட வயது 10 முதல் 15 வருஷம் என்றால் ரூ.10 லட்சம், 15 முதல் 20 என்றால் ரூ.15 லட்சம், 20-க்கு மேல் என்றால் ரூ.20 லட்சம் வரை. கழிவறை, குடிநீர் வசதிக்கும் உண்டு. பணம் தவணையாக சபையின் வங்கிக் கணக்குக்கு வரும். சீரமைப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஆனால் கவனிங்க, இது ஆராதனை நடக்கிற தேவாலயத்துக்கான திட்டம். தனியாக நிற்கிற மண்டபத்தையும் சேர்க்க முடியுமா என்று கலெக்டர் ஆபீசில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடணும்.

* எம்.பி. நிதி: "எம்.பி.கிட்ட கேட்டு வாங்கிடலாம்" என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீங்க. வழிபாட்டுத் தலத்துக்குள்ளேயோ, மத அமைப்புகளுக்குச் சொந்தமான நிலத்திலோ அந்த நிதியில் வேலை செய்ய விதிமுறை இடம் தராது. எந்த மதமாக இருந்தாலும் இதே கதைதான்.

* வெளிநாட்டுச் சொந்தங்கள்: துபாய், சிங்கப்பூரில் இருக்கிற நம்ம ஊர்ப் பையன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், சொந்த அண்ணாச்சியாக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய அரசின் எப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரணும். இதை மீறினால் கமிட்டி உறுப்பினர்கள் கோர்ட் படி ஏறணும்.

* ஊர்க் காசு: கடைசியில் கை கொடுப்பது இதுதான். மொத்தமாகக் கேட்பதைவிட, "ஒரு ஜன்னல் இவ்வளவு, ஒரு உத்திரம் இவ்வளவு" என்று பிரித்துக் கேட்டால் சின்னக் குடும்பமும் பங்கெடுக்கும். வரவு செலவை மாதாமாதம் சர்ச் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்க. பாதி சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

லைசென்ஸ், வாடகை

கல்யாணம், பொதுக்கூட்டத்துக்கு விடுகிற மண்டபம் என்றால் 1965-ம் ஆண்டு தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின் கீழ் வரும். பொறியாளரின் உறுதிச் சான்றை வைத்து தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். "சர்ச்சுக்குள்ளதானே, எதுக்கு லைசென்ஸ்" என்று விட்டுவிட்டால், விபத்து நடக்கும் நாளில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வாடகையை எவ்வளவு வைப்பது? வருமான வரித்துறையில் பதிவு செய்த மத அறக்கட்டளை, வழிபாட்டுத் தல வளாகத்தில் உள்ள மண்டபத்தை நாள் வாடகை 10 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே விட்டால் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாடகையை முடிவு செய்யுங்க. வருகிற வாடகையில் ஒரு பங்கை பராமரிப்புக்கு என்று தனிக் கணக்கில் போட்டு வைக்கணும். இல்லாவிட்டால் 20 வருஷம் கழித்து மறுபடியும் இதே கட்டுரையை யாராவது எழுத வேண்டி வரும்!

சாவி யார் கையில்?

எல்லாம் முடிந்தது. மண்டபம் ஜொலிக்குது. இப்போதான் உண்மையான கேள்வி. யாருக்குத் திறப்பீங்க?

பக்கத்துத் தெரு பிள்ளைகளின் ராத்திரி டியூஷன், மகளிர் குழு கூட்டம், கண் சிகிச்சை முகாம், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பசங்க. இவங்க எல்லோரும் சபைக்காரங்களாக இருக்க மாட்டாங்க. ஒரே சபையிலேயே இந்தத் தெருவுக்கு உண்டு, அந்தத் தெருவுக்கு இல்லை என்கிற பேச்சும் நம்ம பக்கம் இல்லாமல் இல்லை. இதை முதலிலேயே பேசித் தீர்த்து, எழுதி, மண்டபச் சுவரிலேயே மாட்டிவிடணும். குடிக்கக்கூடாது, கட்சிக் கொடி கட்டக்கூடாது, ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. இந்த விதி எல்லாருக்கும் ஒன்று. வாடகையும் எல்லாருக்கும் ஒன்று.

முக்கியமாக, சாவி. ஒரே சாவி, அதுவும் வெளியூரில் இருக்கிற பொருளாளர் பையில் என்றால் வெள்ளம் வருகிற ராத்திரி என்ன செய்வது? கோயில்பிள்ளையிடம் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிந்த இடத்தில் ஒன்று என 3 சாவி இருக்கட்டும்.

அடுத்த ஐப்பசி மழை யாரையும் கேட்டு வராது. அதற்கு முன்னால் கமிட்டி ஒரு தடவை கூடினால் போதும். ஆனால் இந்த முறை சண்டைக்கு இல்லை. ஒரு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் சிமென்டும் எடுத்துக்கொண்டு, சுவர் விரிசலைப் பார்க்க!